பாட்டிலுக்குள் லாரி

சௌந்தர்யா மகளைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். காஷ்மீர் லோடுக்கு லாரியில் கிளம்பிய தனபால், காலண்டர் தாளைக் கிழித்து அவளுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தான். பனிக்காலத்தில் அந்த லோடு வேண்டாம் என்று அவள் சொல்லியும் ஒப்புக்கொண்டான். இரண்டு நாளாக அவனோடு அவள் பேசவில்லை.

‘சௌந்தர்யா, சாவி மீட்டர் பெட்டி மேல இருக்குது. நாலு முட்டைய ஒடச்சுட்டேன், வையாத. பொரிச்சு மூடி வெச்சிருக்கேன். ஓடுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.’

நேற்று ஊறுகாய் பாட்டிலின் மூடியில் பொம்மை லாரியை ஒட்டி, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, மகளுக்காக உள்ளே பனி பெய்ய வைக்கப் பார்த்தார்கள். பனிக்கு ஜவ்வரிசிதான் என்று அடித்துச் சொன்னது தனபால். “முட்ட ஓட்ட நுணுக்கிப் போடோணும்னு உங்கப்பங்கிட்டச் சொல்லு சாமி” என்றாள் சௌந்தர்யா, மகள் கனிஷ்காவைப் பார்த்து. அவன் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் பாட்டில் நிறையக் கஞ்சி.

‘நீ சொன்னதுதான் செரி. புதுசாப் பண்ணி டிவி பக்கத்துல வெச்சிருக்கேன். ஓட்டுத்தூளு நெசப் பனியாட்டவே எறங்குது. உனக்கெப்படித் தெரிஞ்சுது?’

பாட்டிலை இன்னொரு முறை குலுக்கினான். லாரி மறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். பிறகு தாளின் அடியில் நெருக்கி எழுதினான்.

‘குலுக்குனா லாரி காணாமப் போயிரும், பயந்துக்காத. பன்னெண்டு எண்ணறதுக்குள்ள மறுபடியும் தெரியுது. உனக்கு எத்தன வருதுன்னு எண்ணிப் பாரு. மத்தியானம் போன் பண்றேன். பாப்பாகிட்டச் சொல்லி உடாத, எங்கிட்ட நீயே சொல்லு.’