போட்டுப் பார்க்காமல் சொன்னது

என் பிரியமுள்ள டொமினிக்,

உன் முப்பதாம் நாள் பூசை இன்று காலை முடிந்தது. மாதா கோயிலில் ஒவ்வொருவராக எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். என் முறை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் உன்னைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். நம் குழுவில் புதிதாக வந்தவர்களும் படிக்கட்டும்.

அவர்களுக்கு நம் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் தெரியாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் உன் வீட்டு முன்னறையில் ஆறேழு பேர் கூடுவோம். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானம், கப்பல், டாங்கி. ஒட்டுவோம், தேய்ப்போம், பெயிண்ட் அடிப்போம். எந்தப் பசை நிற்கும், எந்த நம்பர் உப்புத்தாள் கோடு விழாமல் தேய்க்கும் என்று ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, பொழுது போவதே தெரியாது. உன் மனைவி பிலோமினா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

அப்படி ஒரு வருஷம் நீ ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாய். வலது முன்கையில் எலும்பு உடைந்து கம்பி வைத்தார்கள். நீ டிராஃப்ட்ஸ்மேன், கோடு போடுகிற கை அது. ஆபீசில் நீண்ட லீவு கொடுத்தார்கள். கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஒரு பழங்காலப் பாய்மரப் போர்க்கப்பலை எடுத்தாய். எட்டு மாதம். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, முடி மாதிரி இழுத்து, பாய்மரத்துக்குக் கயிறு கட்டினாய். முதல் மாதம் ஒரு கயிறு ஒட்ட ஒரு மணி நேரம் ஆனது. நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, "விடாத மச்சா, வருது வருது" என்போம்.

நம் முதல் கண்காட்சி ஒரு ஞாயிறு. மறுநாள் திங்கள் நீ வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முந்தின வாரம் நீ கேட்டாய், "பளபளப்புக்கு மேல ஒரு கோட் கிளியர் அடிக்கணும். எது போடலாம்?"

நான் சொன்னேன், "கார் பெயிண்ட் கடையில லாக்கர்னு ஒரு வார்னிஷ் ஸ்பிரே கிடைக்கும், அதைப் போடு. நான் போட்டுப் பார்த்திருக்கேன். கண்ணாடி மாதிரி நிக்கும்."

போட்டுப் பார்த்ததில்லை, டொமினிக். கார் பெயிண்ட் அடிக்கும் ஒருவர் எதையோ சொல்ல, காதில் விழுந்தது. அவ்வளவுதான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் கூச்சமாக இருந்தது. பொம்மசந்திரா ஃபேக்டரியில் நான் இன்ஸ்பெக்டர். அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட பாஸ் பண்ண மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பிலோமினா ஃபேக்டரிக்கே போன் பண்ணினாள். "அண்ணா, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. அவரு பேசவே மாட்டேங்கறாரு."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். கப்பல் மேஜைமேல் இருந்தது. பெயிண்ட் சுருங்கி, மேல்தளம் உருகிக் குழிந்து, கயிறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கின.

"இன்னா ஆச்சு?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"கைதான் மச்சா. ஸ்பிரேயை ஒரே இடத்துல பிடிச்சிட்டேன் போல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கத்தியை எடுத்து உன்னோடு உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தேன். சனிக்கிழமையும் வந்து சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட இன்னும் மோசமானது. நீ உன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மத்தியானம் கத்தியைக் கீழே வைத்தாய்.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகல. ஒரு ஸ்பிரேயையே பிடிக்க முடியல, கோடு எங்கருந்து போடறது? ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். இந்தப் பெட்டிங்க எல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போ."

வாசலில் பிலோமினா டம்ளரோடு நின்றுவிட்டாள். நானும் கத்தியைக் கீழே வைத்தேன்.

"உன் கை காரணம் இல்ல டொமினிக். லாக்கர்தான். அது பிளாஸ்டிக்கைத் தின்னுடும் போல."

"நீ போட்டுப் பார்த்தேன்னு சொன்னியே?"

"சொன்னேன். போட்டுப் பார்க்கல."

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு, குரலை உயர்த்தாமல், "வெளிய போ" என்றாய்.

ஞாயிறு காலை கண்காட்சி மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வருவாய் என்று யாருமே நினைக்கவில்லை. பத்து மணிக்கு வந்தாய், அந்தக் கப்பலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. நடு மேஜையில் வைத்தாய். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நிறுத்தினாய். 'கார் லாக்கரைப் பிளாஸ்டிக்மேல் அடிக்காதீர்கள்.' அச்சடித்த மாதிரி நேர் எழுத்து. கம்பி வைத்த அந்த வலது கையால் எழுதியது. நானும் பார்த்தேன், நீயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பக்கத்துல நில்லு. கேக்கறவங்களுக்கு நீயே சொல்லு," என்றாய்.

மாலை ஐந்து வரை நின்றேன். விமானங்கள் செய்யும் நாகராஜ் முதலில் வந்தார். "ஏனாய்து சார்?" என்று கன்னடத்தில் கேட்டார், என்ன ஆச்சு என்று. சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. காது சுட்டது. அவர் கப்பலைக் குனிந்து பார்த்துவிட்டு, தான் ஒரு விமானத்தை வெயிலில் காயவைத்து இறக்கை வளைந்த கதையைச் சொன்னார். அதற்குப் பின்னால் வந்தவர் பசையை மூடாமல் விட்ட கதையை. சாயங்காலம் அந்த மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். எட்டு மாதம் கயிறு கட்டின கையைப் பற்றியும் எல்லோரும் கேட்டார்கள். நீ சிரிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனாய்.

நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே அறை, ஒரே காபி, எல்லோரிடமும் பேச்சு, என்னிடம் மட்டும் இல்லை. வராமல் நின்றுவிடலாமா என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். பிறகு ஒரு நாள் போன் அடித்தது.

"விமானக் கண்ணாடி ஒட்ட வெள்ளைப் பசை ஆகுமா? நீ போட்டுப் பார்த்திருக்கியா?"

"இல்ல."

"நானும் இல்ல. வா, ரெண்டு பேரும் போட்டுப் பார்க்கலாம்."

மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டுமா? நீ இதயம் நின்று ஆபீஸ் படிக்கட்டில் விழுந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் வரும்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வந்து சேர்ந்தபோது நீ இல்லை.

இங்கே ஒரு செய்தி. பூசை முடிந்ததும் பிலோமினா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, அவரு பிரிக்காத பெட்டி ஒண்ணு இருக்கு. நான் பண்ணட்டுமா? இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்," என்றாள். சரி என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. அவள் கேட்கப் போகிற ஒவ்வொரு கேள்விக்கும் நீ பதில் வைத்திருப்பாய். என்னிடம் இருக்குமா?

வருகிற ஞாயிறு உன் நாற்காலியில் அவள் உட்காருவாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பேன். தெரியாததைத் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது உனக்கு என் வாக்கு.

பிலோமினாவுக்கு அண்ணன், அந்த முறையில் உனக்கு என்றைக்கும் மச்சான்,
சம்பத்