அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா

மார்ச் 3

போன மாதமும் இடைநீக்கம் ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் கல்வி அதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். நீக்கப்படுவதெல்லாம் ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகளே என்று போன வருடம் என்னைக் காய்ச்சி எடுத்ததும் இதே மனிதர்தான். இப்போது யாரையும் நீக்குவதில்லை. "போய் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டு வா, வந்ததும் வகுப்புக்குப் போ." அவ்வளவுதான். யோசனை என்னுடையது. துணைத் தலைமையாசிரியை என்றால் சும்மாவா!

வீட்டில் பெருமையடித்தேன். "தலையில கொம்பு முளைச்சிருக்கா பாரு" என்று சிரித்தார் இவர்.

மார்ச் 11

ஆய்வகத்தில் பல் டாக்டர் மகளும் வாயாடியும் தள்ளுமுள்ளு. ஒரு கண்ணாடிக் குடுவை போயிற்று. வாயாடி, ஆலைக் குடியிருப்புப் பெண் ஒருத்திக்கு நான் வைத்த பெயர். கேள்வி கேட்காமல் உட்காரத் தெரியாது, கணக்கில் புலி. இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை, வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரவேண்டும். பாரபட்சமே இல்லை.

டாக்டர் உடனே காரில் வந்தார். மகள் அடுத்த பாடவேளைக்கே உள்ளே.

மார்ச் 13

வாயாடியைக் காணோம். கொழுப்பு!

மார்ச் 18

அடுத்த வருடம் அறிவியல் பிரிவில் சேர்வதற்கான தேர்வு இன்று. வாயாடியின் இருக்கை காலி. "முதல் மார்க் அவளுக்குத்தான்னு நெனச்சிருந்தேன்" என்றார் கணக்கு மாஸ்டர். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 19

அவள் அம்மா வந்தார். சலவை ஆலைச் சீருடை, விரலெல்லாம் வெடிப்பு. பக்கத்தில் மகள்.

"லீவு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் டீச்சர். மாத்தாள் இல்லைன்னுட்டாங்க. இன்னிக்குத்தான் விட்டாங்க. கையெழுத்து எங்க போடணும்?"

கையெழுத்தே கிடையாது. வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான் என் விதி.

"பரீட்சை எப்போ டீச்சர்?"

மகள்தான் சொன்னாள்: "நேத்தே முடிஞ்சிருச்சும்மா."

ஐயோ! அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

மகள் தினமும் பையோடு பள்ளி வாசல்வரை வந்திருக்கிறாள். காவலாளி இப்போது சொல்கிறார். "அம்மா இல்லாம விடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்." நான்தான். வேறு யார்?

மார்ச் 24

மறுதேர்வு கேட்டு அதிகாரியிடம் கெஞ்சினேன். "நீக்கினதாப் பதிவே இல்லையே மேடம்? தானா வராத பொண்ணுக்கு எப்படி?" பதிவே இல்லாமல் பார்த்துக்கொண்டவள் நானல்லவா! நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். இடங்கள் நிரம்பிவிட்டனவாம்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். எங்கே சுட்டது? என் வேலை அப்படியே இருக்கிறது. சுட்டது அவளை.

ஜூன் 10

அந்த விதியை எடுத்தாயிற்று. சண்டை போட்டால் இங்கேயே உட்காரவைத்துப் பேசுகிறோம். நேரம் பிடிக்கிறது, தொண்டை வறள்கிறது. பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்.

அவள் தையல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். போய்ப் பார்த்தேன். அடுத்த வருடம் மறுபடி எழுதலாம், நானே சொல்லித் தருகிறேன் என்றேன். எதற்கு, ஏன் இப்போது என்று கேட்பாள், நன்றாகக் கேட்கட்டும் என்று நின்றேன்.

"சரி டீச்சர்" என்றாள்.

தையல் ஆசிரியை வராந்தாவரை கூடவே வந்தார். "தங்கமான பொண்ணு டீச்சர். இருக்கற இடமே தெரியாது."