இரண்டு கிலோ முந்நூறு

அன்புள்ள மரங்கொத்திக்கு,

மூன்று பேரும் உயிரோடு வந்து சேர்ந்தோம். நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் என் நெஞ்சு இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, விலாவுக்குப் பின்னால் எங்கோ ஒளிந்திருக்கிறது, கூப்பிட்டால் வர மறுக்கிறது. உன் அம்மா நலம், உன் அத்தையும் நலம். நீ நலமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், விரலை வெட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இது சுற்றுலா வந்த இடத்திலிருந்து எழுதும் கடிதம். அப்பா இல்லாத பிள்ளைக்கு மாமன்தான் அப்பா என்று ஊருக்கெல்லாம் மார்தட்டிக்கொண்டவன், நேற்று முன்தினம் இருநூறு பேர் நடுவில் நின்ற கோலத்தை நீ வேறு யார் வாயாலோ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் உன் உளிகள்தான். முதல் சம்பளத்தில் வாங்கிய அந்த ஏழு உளியையும், உளி தட்டும் மரச்சுத்தியான கொட்டாப்புளியையும் அனுப்பி வையுங்கள் என்று நீ போனில் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. உன் அம்மாவிடம் சொன்னேன், வேண்டுமென்றால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். தபால் ஆபீஸ் பரீட்சையில் பாஸாகி, தன் பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்த மகள், பதினோரு மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மரம் செதுக்கக் கடல் தாண்டிப் போனது அவளுக்கு இன்னும் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பத்து மாதமாக உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் வெளிநாட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். சரி, நானே அனுப்பிவிடலாம் என்றால் எப்படி அனுப்புவது? நம் ஊரில் யார் பார்சல் அனுப்பினாலும் அது உன் அம்மாவின் கை வழியாகத்தான் போக வேண்டும். முப்பத்தோரு வருஷமாக பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். தராசில் வைப்பதற்கு முன்னாலேயே கையில் ஏந்தி எடை சொல்பவள். அவள் சொன்னதைத் தராசு மறுத்துப் பேசியதாகச் சரித்திரம் இல்லை, தராசே அவளைப் பார்த்துத்தான் எடை கற்றுக்கொண்டது என்று கூடச் சொல்வேன். அதனால்தான் உன் மாமனின் மகா மூளையில் ஒரு திட்டம் உதித்தது. உளிகளைச் சுற்றுலாப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோய், நீ இருக்கும் நாட்டுக்கு அந்தச் சுற்றுலா போகாவிட்டாலும், வேறொரு அந்நிய மண்ணிலிருந்து உனக்கு அனுப்பிவிடுவது.

என் பெட்டியில் வைக்க முடியாது. அது உன் அத்தையின் ஆட்சிக்கு உட்பட்ட பிரதேசம், ஒரு ஊசி கூடுதலாக நுழைந்தாலும் விசாரணைக் கமிஷன் உட்காரும். உன் அம்மாவின் நீலப் பெட்டிதான் பத்திரம், அதைத் திறக்க இந்தப் பூமியில் யாருக்கும் தைரியம் கிடையாது. முந்தின நாள் சாயங்காலமே அவள் அதைக் கட்டி முடித்து, ஒரு தடவை தூக்கிப் பார்த்து, இருபத்திரண்டு எண்ணூறு என்று சொல்லிவிட்டாள். இருபத்து மூன்று வரை அனுமதி. விடியற்காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் உளிகளைப் பழைய செய்தித்தாளில் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, துண்டுகளுக்கு அடியில் செருகிவிட்டேன். அதற்குப் பிறகு அவளை அந்தப் பெட்டியைத் தொடவே விடவில்லை. நீ எதுக்குக்கா தூக்கணும், நான் எதுக்கு இருக்கேன் என்று நானே காரில் ஏற்றி, நானே இறக்கி, நானே தள்ளுவண்டியில் வைத்தேன். உனக்கு என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

விமான நிலையத்தில் பெட்டியை எடைக்கு வைத்ததும் இருபத்தைந்து புள்ளி ஒன்று என்று சிவப்பு எழுத்தில் வந்தது. உன் அம்மா அந்தக் கவுண்டர் பெண்ணிடம் வெகு மரியாதையாக, உங்க தராசு சரியில்லைம்மா என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். தராசைப் பற்றி உன் அம்மாவிடம் சிரிக்கலாமா? அக்கா அடுத்த கவுண்டரில் வைக்கச் சொன்னாள், அங்கேயும் அதே எடை. என் முதுகில் வியர்வை ஆறாக ஓடி, செருப்பில் தேங்கியது, பின்னால் நின்றவர் ஒதுங்கி நின்றார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று இருபத்தாறு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எமனைத் தினம் மூன்று தடவை நேரில் பார்த்துக் கும்பிடு போட்டவன் நான், அப்படி ஒரு பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏனென்றால் அவள் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அரை விரல் உயரத்துக்குத் தூக்கினாள். கண்ணை மூடினாள். இறக்கி வைத்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா, உங்க தராசு சரிதான். ரெண்டு கிலோ முந்நூறு கூடியிருக்கு. இது நான் கட்டின பெட்டி இல்லை. யாரோ எதையோ உள்ளே வெச்சிருக்காங்க."

சீட்டில் எழுதிய எடையும் பார்சலின் எடையும் ஒத்துப்போகவில்லை என்றால் மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆபீஸ் வழக்கம். நீயும் பதினோரு மாதம் அங்கே இருந்தவள்தானே, உனக்குத் தெரியும். அதையே அங்கேயும் செய்தாள், ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை உலகத்தில் சொல்லக்கூடாத இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது விமான நிலையம்தான் அம்மா. அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கை மேஜைக்கு அடியில் போனது. அடுத்த நிமிஷம் எங்கிருந்து முளைத்தார்களோ, நாலு பேர் சீருடையில், சத்தியமாக நாற்பது பேர் மாதிரித் தெரிந்தார்கள், வரிசையில் நின்றவர்களையெல்லாம் பின்னால் தள்ளிக் கயிறு கட்டினார்கள், நீலப் பெட்டி நடுத்தரையில் தன்னந்தனியாக நின்றது. ஒரு நாய் வந்தது. அது பெட்டியை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு என்னைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. உன் அத்தை என் காதோரம், ஏங்க, உங்க மூஞ்சி ஏன் சுண்ணாம்படிச்ச சுவர் மாதிரி இருக்கு என்றாள். பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டார்கள். திரையில் ஏழு கத்தி வரிசையாக, கூடவே உருண்டையாக ஒரு தலை. அதிகாரி திரும்பி, யார் வெச்சதுன்னு தெரியுமா என்று உன் அம்மாவைக் கேட்டார். தெரியாதுங்க என்றாள். அவள் குரல் நடுங்கியது. நான் பிறந்ததிலிருந்து அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். நான்தான் சார் அந்த யாரோ என்றேன்.

என்னைத் தனியாக ஒரு அறையில் வைத்து முக்கால் மணி நேரம் விசாரித்தார்கள், உன் பள்ளிக்கூட மார்க் வரைக்கும் சொல்லிவிட்டேன். பிறகு அக்காவையும் கூப்பிட்டு, அவள் முன்னால் பொட்டலத்தை மேஜையில் பிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி இவள் என்னோடு பேசமாட்டாள், உன்னோடு பேசுவாள் என்று நான் வைத்திருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று, நானே கெடுத்தேன் என்று நினைத்தேன். அதிகாரி ஒரு உளியை எடுத்துத் திருப்பிப் பார்த்து, யாருக்கு இது, உங்க மகனுக்கா என்று கேட்டார்.

"பொண்ணுக்கு. மரவேலை பண்றா."

சாதாரணமாகச் சொன்னாள், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போல. எக்ஸ்ரேயும் நாயும் கயிறும் ஒரு பக்கம் இருக்கட்டும், என்னைப் பிடித்து உலுக்கியது இந்த மூன்று வார்த்தைதான். அடுத்ததாக என் பக்கம் திரும்பி, செய்தித்தாளையும் ரப்பர் பேண்டையும் காட்டி, உளியை இப்படியா கட்டுவாங்க என்று கேட்டாள். அந்தக் கோபத்தில் நான் எரிந்து சாம்பலாகாமல் நிற்பது என் முன்னோர் செய்த புண்ணியம்.

பெரிய பெட்டியில் போனால் கருவிகளுக்குத் தடையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் எடையைக் குறைத்தாக வேண்டும். உன் அம்மா பெட்டியைத் திறந்தாள், உளிகளை நடுவில் வைத்தாள், என் பெட்டியில் இடமில்லாமல் அவளிடம் கொடுத்திருந்த என் கோட்டு, என் இரண்டு கால்சட்டை, ஒரு ஸ்வெட்டர், இவற்றைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்து வெளியே போட்டாள். திரும்ப வைத்தபோது இருபத்திரண்டு புள்ளி எட்டு. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அதிகாரி தன் வயர்லெஸ் கருவியை அவள் கையில் வைத்துப் பார்த்தார். அறுநூற்று இருபது என்றாள். அவர் அதைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார், அடிக்காவிட்டாலும் அடித்ததாகவே நான் ஊரில் சொல்லப்போகிறேன். வாசலை மூடப் போன நேரத்தில் ஓடிப்போய் ஏறினோம். நான் கோட்டுக்கு மேல் கோட்டு, கால்சட்டைக்கு மேல் கால்சட்டையாகப் பத்தொன்பது மணி நேரம் பயணம் செய்தேன். விமானம் இறங்கும்போதெல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்தி முன் சீட்டுக்காரரிடம் திட்டும் வாங்கினேன்.

நடுவில் விமானம் மாறுகிற இடத்தில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். அங்கேதான் அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். இத்தனை நாளா யாரோட உளியில வேலை பண்றா என்று கேட்டாள். இரவல் வாங்கித்தான் என்றேன். கையில் இருந்த ரொட்டியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள், பிறகு அதைத் தொடவில்லை.

விடுதி அறைக்குள் வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. கீழே போய் அட்டைப் பெட்டியும் சணலும் வாங்கி வரச் சொன்னாள். ஒவ்வொரு உளி முனைக்கும் அட்டையில் தொப்பி செய்தாள். கொட்டாப்புளியைத் தன் புதுத் துண்டில் சுற்றினாள். இரண்டு கிலோ அறுநூற்றைம்பது என்றாள். விலாசத்தைப் படிக்க நான் என் டைரியைத் தேடி எடுப்பதற்குள், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் எழுதி முடித்து மையை ஊதிக்கொண்டிருந்தாள். எப்போது மனப்பாடம் செய்தாள் என்று என்னைக் கேட்காதே. பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அதையும் உள்ளே வைத்துவிடு அக்கா என்று கேட்டேன். பார்சலுக்குள் கடிதம் வைக்கக் கூடாது, விதி, முப்பத்தோரு வருஷமாக ஒருத்தரையும் விட்டதில்லை என்று என்னை விரட்டிவிட்டாள். அதனால் இது தனியாக வருகிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பார்சலைக் கட்டி முடித்திருந்தாள்.

இன்று காலை இங்குள்ள தபால் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்தக் கடைசிப் பகுதியை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தராசு இரண்டு கிலோ அறுநூற்று எழுபது காட்டியது. இருபது கிராம் அதிகம். அவள் கை தப்பாது என்பது எனக்கும் உனக்கும் தெரியும். விடுதி மேஜை மேலிருந்த கெட்டித் தாளில் நாலு காணவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அக்கா, யாரோ எதையோ உள்ளே வெச்சிருக்காங்க என்றேன். வாயை மூடிக்கிட்டு வா என்றாள்.

பார்சல் வந்ததும் முடிச்சைக் கத்தரியால் வெட்டாதே, அவள் போட்ட முடிச்சு, நகத்தால் அவிழ்த்தால் வரும். உளியைத் தொடுவதற்கு முன் அந்த இருபது கிராமைத் தேடி எடு. படித்த கையோடு அவளுக்குப் பதில் எழுது, எனக்கு அப்புறம் எழுதலாம். நீ நூறு வருஷம் வாழ்ந்து, நீ செய்த நாற்காலியில் உன் அம்மாவை உட்கார வைக்க வேண்டும்.

இரண்டு கால்சட்டைக்குள் வெந்துகொண்டிருக்கும்,
அந்த யாரோ,
உன் மாமா