பச்சைமலை இன்னும் காயவில்லை

தென்னூர்,
3.9.2024

அன்பு மருமகள் பெலிண்டாவுக்கு, சேசுவுக்குப் புகழ்.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். காலேஜ் வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் பாண்டிச்சேரி போவாய், உன் அம்மா இரண்டு வருஷம் பேசமாட்டாள், பிறகு இறங்கி வருவாள். மூன்றையும் முன்கூட்டியே சொன்னவன் உன் மாமன்தான். எட்டாவது ஃபெயில் என்றாலும் என் கணிப்புத் தப்பாது. நேற்று அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, துறையூர் பஸ்ல போறப்ப தெரியுமே பச்சைமலை, அதை வரைஞ்சு அனுப்பச் சொல்லு" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். போன் பண்ணிக் கேட்டுவிடாதே, ரோஷக்காரி, இல்லை என்பாள். அந்த மலையைப் பதினேழு தடவை ஏறியவன் நான், ஒரு தடவை கரடி துணைக்கு வந்தது. சந்தேகம் இருந்தால் எழுதிக் கேள்.

உன் மாமா,
கிளமென்ட்

புதுச்சேரி,
17.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கரடி நலமா? அம்மாவா கேட்டாங்க? பஸ் ஏறியதும் கண்ணை மூடி ஜெபமாலை சொல்கிறவர் மலையை எப்போது பார்த்தார்? நம்பமுடியவில்லை, ஆனாலும் வரைய உட்கார்ந்துவிட்டேன். தூரத்து மலைக்குத் தண்ணீராய்க் கரைத்த நீலம், ஒரே பூச்சு. அது காய்ந்தபின் அடுத்த மலை, கொஞ்சம் அழுத்தமாய். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். காயக் காத்திருக்கும்போதெல்லாம் அந்தப் பஸ்ஸில் அம்மா மடியில் படுத்திருப்பது போலிருக்கிறது, ஜன்னலில் மலைகள் மிதந்து போகின்றன. ஆறு பூச்சு ஆகிவிட்டது. பனி இருக்கும் இடத்தில் எதுவும் பூசவில்லை, வெறும் தாள்தான். நாளை கூரியரில் அனுப்புகிறேன். அம்மா தொடவே இல்லை என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். இன்னொரு தடவை முயல எனக்குத் தெம்பில்லை.

பெலிண்டா

தென்னூர்,
24.9.2024

அன்பு மருமகளுக்கு,

படம் வந்து மூன்று நாளாகிறது. அக்காதான் பிரித்துப் பார்த்தாள். சுவரில் மாட்ட நான் ஆணியும் சுத்தியலும் எடுத்தேன்.

"கையை எடுறா! ஈரம் காயல, தெரியல?"

"காஞ்சப்புறம்தான்க்கா அனுப்பியிருப்பா."

"உனக்கென்ன தெரியும்? மலையில தண்ணி ஊறிக்கிட்டிருக்கு பாரு."

சாப்பாட்டு மேஜைமேல் விரித்து, ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்கு இப்போது அடுக்களைத் தரையில்தான் சாப்பாடு. காற்றில் தாள் லேசாக எழும்பும்போது நீ பூசாமல் விட்ட பனி நகர்வது போலிருக்கிறது. அக்கா கண் கொட்டாமல் பார்க்கிறாள். நானும் பார்த்தேன், நமக்கே கால் தரையில் இல்லை.

"எப்பதான் காயும்?" என்று இன்று காலையில் கேட்டேன். "அவளே வந்து தொட்டுப் பாத்து மாட்டட்டும். என்னைக்கு வராளாம்?" என்றாள்.

இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை, மாதா மேல் சத்தியம். நீ உடனே கிளம்பு. முதல் கடிதத்தில் எழுதினேனே, அதுதான் பொய். அக்கா அன்றைக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை, படம் கேட்கவும் இல்லை.

உன் மாமா,
கிளமென்ட்