இறங்குவதற்கு முன்

6 ஜூலை 2025, ஞாயிறு

முனியப்பன் கோயிலில் இவருக்குக் கயிறு கட்டினோம். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் சாமி ரத்தம் கக்க வைத்துவிடும் என்பது பென்னாகரம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பூசாரி கயிற்றைத் தூக்கித்தான் போட்டார்; நான் எடுத்துக் கட்டினேன். இவர் செய்கிற வேலை சாமிக்கும் தெரியும் போலிருக்கிறது.

கல்யாணமான புதிதில் குடிக்காத மனுஷன். செப்டிக் டேங்க் வண்டியில் சேர்ந்த பிறகுதான் எல்லாம். குழாய் உறிஞ்சாத அடிச்சேற்றை வாளியில் அள்ள ஆள் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் வண்டிக்காரர் மாதவராஜ் ஒரு குவார்ட்டர் கொடுப்பார். கூலியில் பிடிக்க மாட்டாராம், அவ்வளவு தயாளம். இப்போது வேலையில்லாத நாளிலும் விடிந்ததும் வேண்டியிருக்கிறது.

7 ஜூலை

குடிக்கவில்லை. கை நடுங்குகிறது, சோறு இறங்கவில்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். எழுதவே பயமாக இருக்கிறது.

8 ஜூலை

வியர்வையில் பாய் நனைந்துவிட்டது. சுவரெல்லாம் பூரான் என்று துடைப்பத்தால் அடிக்கிறார். அங்கே ஒன்றுமே இல்லை. "திருட்டுத்தனமா குடிச்சிருக்கான், முனியப்பன் புடிச்சிட்டான்" என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" — சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"சத்தியமா இல்ல சோபனா."

நம்பவில்லை. ஆஸ்பத்திரி எதற்கு, சாமி குத்தத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தால் போதும் என்றார் அத்தை. வைத்தோம்.

9 ஜூலை

காலையில் வலிப்பு. வாயில் நுரை. ஆட்டோவில் என் மடியில்தான் தலை இருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

10 ஜூலை

ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார்.

"இது குடிச்சதால வரலம்மா" என்றார் டாக்டர். "தினமும் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினதால வந்தது. நிறுத்தறதுக்கு முன்னாடியே வந்திருந்தா மாத்திரை குடுத்து மெல்ல நிறுத்தியிருக்கலாம்."

அப்படியென்றால் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றித்தான் இருக்கிறார். பொய்யன் என்று நான் உலுக்கியபோது அவர் உடம்பு அப்படித் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது. என்ன பொம்பளை நான்?

19 ஜூலை

வீட்டில் இருக்கிறார். கண் தெளிந்திருக்கிறது. தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

28 ஜூலை

ஏரியூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், போனார். முதலாளி நல்லவிதமாகத்தான் பேசினாராம். "நீ இங்க நிக்கறத பாத்தா நாலு பேரு சாப்புட வருவாங்களா, நீயே சொல்லுப்பா." செங்கல் சூளையில் நேற்றே ஆள் சேர்த்துவிட்டார்களாம். அப்படிச் சொன்னவர்கள் இன்றும் ஆள் தேடுகிறார்கள்.

11 ஆகஸ்ட்

குடிக்காமலே டேங்க் வேலைக்குப் போனார். மூடியைத் திறந்ததும் வாந்தி. இரண்டு தரம் காலை வைத்து, இரண்டு தரமும் ஏறிவிட்டாராம். "குடிக்காம எவன்டா எறங்குவான், இதென்ன உன் வூட்டுக் கெணறா?" என்று மாதவராஜ் திருப்பி அனுப்பிவிட்டார்.

வந்ததிலிருந்து சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டே இருந்தார். "குடிச்சிருக்கறப்ப இவ்ளோ நாத்தம் தெரியல சோபனா" என்றார்.

குடிக்கக் கூடாது என்றார் டாக்டர். வேறு என்ன வேலைக்குப் போவது என்று அவர் சொல்லவில்லை. டாக்டரைக் குறை சொல்லி என்ன.

20 ஆகஸ்ட்

மழையில்லை. கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்குகிற வேலையும் எனக்கு நின்றுவிட்டது. அத்தை மதியம் பசிக்கவில்லை என்கிறார். பொய்.

24 ஆகஸ்ட்

கயிற்றை அவிழ்த்துவிட்டோம். பூசாரி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

மதியம் வேலைக்கு வரச் சொல்லி மாதவராஜ் ஆள் அனுப்பினார். இவர் பிராந்திக் கடைக்குப் போனால் ஒன்றோடு நிற்க மாட்டார். மாதவராஜ் கொடுத்தால் முழுக் குவார்ட்டரும் உள்ளே போகும். அதனால் கடை திறக்கும்போது நானே போய் ஒரு குவார்ட்டருக்கு நின்றேன். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

வீட்டில் இவர் டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாதி போதும்" என்றார்.

பாதிதான் ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்தார். கை நடுக்கம் எதுவும் இல்லை. வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, "மீதிய நாளைக்கு வெச்சிரு" என்றார்.

சரிங்க என்றேன்.