பிள்ளையாருக்குக் கீழே ஒரு ஸ்குரு

திருவண்ணாமலை
14-8-2008

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தமிழ்செல்வி எழுதுவது. நம் பாப்பா எழிலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். இதை முதலில் சொன்னால்தான் மீதியைப் படிப்பீர்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். போனில் சொல்லலாம் என்றால், கார் என்று வாயெடுத்ததுமே மஸ்கட்டிலிருந்து கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

அன்றைக்கு எழிலைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் நம் வாடகைக் காரின் ஸ்பீடு மீட்டர் முள் தொப்பென்று விழுந்தது. எல்லா விளக்கும் எரிந்து வண்டி நின்றுவிட்டது, மறுபடி எடுக்கவே இல்லை. என் மடியில் குழந்தைக்கு வலிப்பு. உங்கள் தம்பி மணிவேல்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு பால் வேனை மறித்தார். அவரைப் போய், வண்டியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவன், வேறு டிரைவரைப் போடு என்றீர்கள். அன்றிலிருந்து கார் ஸ்டாண்டிலேயே கிடக்கிறார். சோற்றுக்குக்கூட வீட்டுப் பக்கம் வருவதில்லை.

வேலூர் ஒர்க்‌ஷாப்பில் காருக்கு ஸ்கேன் போட்டுப் பார்த்து, இன்ஜின் பெட்டியிலிருந்து மீட்டர் பெட்டிக்குத் தகவல் போகவில்லை என்று மீட்டர் பெட்டியை மாற்றினார்கள். அடி அண்ணாமலை வளைவில் மறுபடி அதே கதை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள்தானே? உங்கள் மல்டிமீட்டரையும், நீங்கள் வண்டி வேலை குறித்துவைத்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, எழிலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கே போனேன். "மணி, உங்க அண்ணி வண்டிக்கு ஊசி போட வந்துகிறாங்கடா"னு ஒரு டிரைவர் சிரித்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேன் மாட்டும் சாக்கெட்டில் பெட்டிகளுக்குள் தகவல் போகும் இரண்டு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நீங்கள் நோட்டில் எழுதியிருந்த அதே அறுபது ஓம். சரியாகத்தான் இருந்தது.

அப்போது சித்தப்பா மடியில் இருந்த எழில், டாஷ்போர்டுப் பிள்ளையாரைப் படாரென்று அடித்தாள். அறுபது பூஜ்யமானது. மறுபடி அடித்தாள், அறுபதாகிவிட்டது. மேல்மூடியைக் கழற்றினோம். பிள்ளையாருக்குக் கீழே ஸ்குரு முனை இரண்டு ஒயரின் தோலையும் கிழித்து, ஒன்றோடொன்றைச் சேர்த்துவிட்டிருந்தது.

அந்த ஸ்குருவை முடுக்கியது நான்தான். சித்திரை வெயிலில் பசை உருகிப் பிள்ளையார் கவிழ்ந்துகொண்டே இருந்தார். அபசகுனமாகப் பட்டது. உங்கள் பெட்டியில் இருந்ததிலேயே நீளமான ஸ்குருவாகப் பார்த்து எடுத்தேன்.

இதை நான் சொன்னதும் மணிவேல் அந்த ஸ்குருவைக் கழற்றி, பிள்ளையாரை என் கையில் கொடுத்தார். அப்புறம், "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. பாப்பாவோட நடுரோட்டுல நின்னது உங்களாலன்னு தெரிஞ்சா அண்ணன் தாங்காது. என் மேலயே இருந்துட்டுப் போவட்டும்"னு சொன்னார். சொல்லிக்கொண்டே ஒயருக்கு டேப் சுற்றினார்.

நேற்று போளூர் வரை ஓட்டிப்போய் வந்தார். முள் ஒருதரம்கூட விழவில்லை. பிள்ளையார் இப்போது நம் பூஜை அலமாரியில்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாத எதையும் நீங்கள் சொல்லிவிட முடியாது. ஆனால் இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதீர்கள். முதலில் மணிவேலுக்குச் செய்யுங்கள். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சாப்பிட வீட்டுக்குப் போடா என்று ஒரு வார்த்தை போதும். தினமும் அவருக்கும் சேர்த்துத்தான் அரிசி களைகிறேன்.

அண்ணாமலையார் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்,
தமிழ்செல்வி