கழன்று விழுந்த ஃப்ளாஷ்

ஏனுங்க,

வெண்ணந்தூர் காதுகுத்துக்கு என் பழைய கேமராவோடு நான் மட்டும் போகிறேன். உங்களை எழுப்பிப் பேச மனம் வரவில்லை. சோறு குக்கரில் இருக்கிறது. தட்டைப்பயறுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று மல்லசமுத்திரம் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் உங்கள் கேமராவிலிருந்து கழன்று விழுந்த ஃப்ளாஷைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். என் கேமராவில் மாட்டினால் அசையாமல் நிற்கிறது. உங்கள் கேமராவில்தான் ஃப்ளாஷ் சொருகும் தகட்டின் ஒரு விளிம்பு மேலே நெளிந்திருக்கிறது. ஃப்ளாஷைப் பிடித்துக் கேமராவைத் தூக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்! இடுக்கி போட்டு நிமிர்த்த வேண்டாம், உடைந்துவிடும். சூரமங்கலம் கேமரா ரிப்பேர் கடையில் கொடுத்துத் தகட்டையே மாற்றுங்கள்.

“ஃப்ளாஷை இவதானுங்க மாட்டுனா. பொம்பள வேலைன்னா இப்படித்தானுங்க” என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னீர்கள். அவரும் சிரித்தார். நான் லைட் ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றேன்.

சௌந்தர்யா

பி.கு.: படங்களைப் பார்க்கப் பெண்ணின் அப்பா பதினொரு மணிக்கு வருகிறார். தாலி கட்டும் படம் எங்கே என்று கேட்பார். நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அவருடைய நம்பர் என்னிடமும் இருக்கிறது.